கட்டுச்சோறு: நெடும் புகையிரதப் பயணத்துக்கான வழியுணவு பற்றிய ஒரு பாடம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கோட்டை வரையான புகையிரதப் பாதை ஏறத்தாழ 350 கிலோமீற்றர் நீளமானது. காலை வண்டியில் ஏறினால் எட்டு, ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். மாஹோச் சந்திவரை பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவதொரு நிலையத்தில் காத்து நின்றால் இன்னும் நேரம் கூடும். எப்படிக் கணக்குப் பார்த்தாலும், ஒரு பயணத்துக்குள் இரண்டு வேளைச் சாப்பாடு அடங்கிவிடுகிறது.

இன்று நமது கல்லூரியில் படிக்கும் மாணவிகளுள் பலர் உயர்தரம் முடிந்ததும் இத்தகைய நெடும்பயணங்களைத் தனியாகவோ தோழியரோடோ மேற்கொள்ளப் போகிறவர்கள். பல்கலைக்கழகம், நேர்முகப் பரீட்சை, தொழிற்பயிற்சி எனக் காரணங்கள் வேறுபடலாம். பயணச்சீட்டு, அடையாள அட்டை, சான்றிதழ்க் கோவை என எல்லாவற்றையும் நாமே சரிபார்த்து எடுத்து வைக்கிறோம். சாப்பாட்டை மட்டும் உம்மாவின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அவர் கட்டித் தந்ததைப் பையில் வைத்துக்கொண்டு ஏறுகிறோம். அந்தப் பொதிக்குள் விஞ்ஞானமும் மொழியும் வரலாறும் பண்பாடும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் அதன் பொருளும்

வழியில் உண்பதற்கென எடுத்துச் செல்லும் உணவுக்குத் தமிழில் சொற்கள் பல உண்டு. கட்டுச்சோறு, பொதிசோறு, வழியுணவு என்பன நமக்குப் பழக்கமானவை. பழைய நூல்களில் ‘ஆற்றுணா’ என்றொரு சொல் வருகிறது. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. நாலடியாரில் ‘தோட்கோப்பு’ என்ற சொல் இதே பொருளில் வழங்குகிறது. தோளில் கோத்துத் தொங்கவிட்டுச் செல்வதால் அப்பெயர் பெற்றது போலும். உணவைச் சுமந்து நடந்த ஒரு மனிதனின் உருவமே அச்சொல்லில் தெரிகிறது.

பழமொழி நானூற்றின் செய்யுளொன்று, கற்றறிந்தவருக்கு எந்த நாடும் சொந்த நாடே என்றும், அதனால் அவர் வழியுணவு கொண்டு செல்ல வேண்டியதில்லை என்றும் கருத்துரைக்கிறது. கல்வியின் பெருமையைச் சொல்ல வந்த அழகான கருத்து அது. ஆனால் அது கற்று முடித்தவருக்குச் சொல்லப்பட்டது. நாமோ கற்கப் போகிறவர்கள். நமக்குக் கட்டுச்சோறு வேண்டும்.

அறபு மொழியில் பயணத்தைக் குறிக்கும் ‘ஸபர்’ என்ற சொல்லின் வேரிலிருந்தே ‘ஸுப்ரா’ என்ற சொல்லும் பிறந்தது. முதலில் அது பயணிக்கென ஆயத்தம் செய்த உணவைக் குறித்தது. பின்னர் அவ்வுணவைச் சுற்றிய தோலையும், நாளடைவில் உணவு பரிமாறும் விரிப்பையும் குறிக்கலாயிற்று. விருந்து விரிப்பைச் ‘சுப்ரா’ என்று சொல்லும் நம்மவர் வீடுகளில், ஒரு பழங்காலப் பயணியின் சாப்பாட்டுப் பொதி இன்னமும் விரித்தபடியே கிடக்கிறது எனலாம்.

வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட கட்டுச்சோறு ஓர் இளம்பெண்ணின் கையால் கட்டப்பட்டதாகும். கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் மக்காவை விட்டு இரகசியமாகப் புறப்பட்டபோது, வழிக்கான உணவு ஒரு தோற்பையில் இடப்பட்டது. பையின் வாயைக் கட்டக் கயிறு இல்லை. அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) தமது இடுப்புக் கச்சையைக் கிழித்து அதைக் கட்டினார். அதனாலேயே ‘இரு கச்சைகளை உடையவர்’ என்ற சிறப்புப் பெயர் அவருக்கு வாய்த்தது. இறைவனையே முழுதாக நம்பிச் சென்ற அப்பயணத்திலும் உணவுப் பை மறக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. யெமன் நாட்டவருள் சிலர் ‘நாங்கள் இறைவனை நம்பியிருப்பவர்கள்’ என்று சொல்லி வழியுணவின்றியே ஹஜ்ஜுக்கு வந்து, பிறகு மக்களிடம் யாசித்தார்கள் என்றும், வழியுணவு எடுத்துக்கொள்ளும்படி பணிக்கும் வசனம் அதையொட்டியே இறங்கியது என்றும் அறிஞர்கள் விளக்குவர். ஆயத்தம் செய்வது நம்பிக்கைக் குறைவு அல்ல என்பதே இதன் பாடம்.

கட்டுச்சோறு கட்ட நேரம் கிடைப்பதும் ஒரு பாக்கியமே. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலமே. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். முந்தின இரவே வெங்காயம் உரித்து வைத்து, விடியற்காலை ஆறுதலாகப் பொதி கட்டுகிற பயணம், திரும்பி வர ஒரு வீடு உள்ளவரின் பயணமாகும்.

ஏன் நாமே கட்ட வேண்டும்?

வண்டியில் உணவு கிடைக்காமல் இல்லை. வடையும் கடலையும் மாங்காயும் பெட்டிக்குப் பெட்டி ஏறி வருகின்றன. சில வண்டிகளில் சிற்றுண்டிப் பெட்டியும் உண்டு. இருந்தும் நாமே கட்டிக்கொள்வதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, ஹலால் பற்றிய உறுதி. இறைச்சி என்ன, எண்ணெய் என்ன என்று ஓடும் வண்டியில் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டாவது, சிக்கனம். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து போகும் மாணவிக்கு வழிச்சாப்பாட்டுச் செலவு வருட முடிவில் ஒரு பெருந்தொகையாகிவிடும். மூன்றாவது, நேரம். பசிக்கும் வேளையில் நல்ல சாப்பாடு கிடைக்கும் நிலையம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான்காவது காரணமே முக்கியமானது. புகையிரதத்தில் போகிறவர்கள் எல்லோரும் உடல்நலத்தோடு போகிறவர்கள் அல்லர். கிழக்கிலிருந்து கொழும்புக்கும் மகரகமவுக்கும் சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளர்கள் பலர் இதே வண்டியில்தான் போகிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரின் உடலில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும்போது, மற்றவருக்கு ஒருநாள் வயிற்றுவலியோடு போகும் நஞ்சுணவு அவருக்கு உயிராபத்தாக முடியலாம். நீரிழிவுள்ளவர் மருந்தை எடுத்துவிட்டு உணவு பிந்தினால் குருதியில் வெல்லம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மூத்தம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் பேத்தி, நல்ல பொதி ஒன்றைக் கட்டத் தெரிந்தவளாக இருந்தால், அவள் பாதி மருத்துவத்தாதி எனலாம்.

சோறு ஏன் பழுதாகிறது?

உணவு நஞ்சாவதற்குக் காரணமான பற்றீரியாக்கள் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பெருகும். நமது உலர் வலயத்தில் நண்பகல் வேளைப் புகையிரதப் பெட்டியின் வெப்பம் 30 பாகைக்கு மேலேயே இருக்கும். அதாவது, வண்டிக்குள் நாம் வைத்திருக்கும் பொதி அவற்றுக்கு ஏற்ற வீடு.

ஒரு பற்றீரியா தனக்கு வாய்ப்பான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும் என வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். ஒரு மணித்தியாலத்தில் 8. இரண்டில் 64. நான்கில் 4,096. எட்டு மணித்தியாலத்தில் அது 1 கோடியே 67 இலட்சத்தைத் தாண்டிவிடும். முதல் நான்கு மணித்தியாலத்தில் பெரிதாக ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. பெருக்கமெல்லாம் பிற்பாதியில்தான். ‘காலையில் சாப்பிட்டபோது நன்றாகத்தானே இருந்தது’ என்று நண்பகலில் சொல்வது ஏன் போதாது என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

சோற்றில் ஒரு தனி ஆபத்து உண்டு. பசில்லஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் அரிசியோடு வருபவை. அரிசி கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு ஆறி இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. மணத்திலோ சுவையிலோ வேறுபாடு தெரியாமலும் இருக்கலாம். சூடான சோற்றை அப்படியே இலையில் இறுக்கிக் கட்டினால், அது ஆறவும் மாட்டாது, சூடாகவும் இராது. மணிக்கணக்காக 40 பாகையை அண்டியே நிற்கும். இந்த இளஞ்சூட்டுப் பொதியே ஆபத்தான பொதியாகும்.

இரண்டாவது பகைவன் நமது கையில் இருக்கிறான். ஸ்டபிலோகொக்கஸ் என்னும் பற்றீரியா மனிதரின் மூக்கிலும் தோலிலும் புண்களிலும் வாழ்வது. கையால் பிசைந்த உணவுக்கும் கையால் உரித்த முட்டைக்கும் அது எளிதில் தொற்றிக்கொள்ளும். அதன் நஞ்சும் சூட்டுக்கு அழிவதில்லை. ஆகவே பொதி கட்டும் முன் சவர்க்காரமிட்டு 20 வினாடியாவது கைகழுவுவதும், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அதை மூடிக் கட்டுவதும் அவசியம்.

இவற்றிலிருந்து ஒரு நடைமுறை விதியைப் பெறலாம். சமைத்த ஈர உணவு குளிரூட்டப்படாமல் இரண்டு மணித்தியாலம்வரை இருக்கலாம். இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் உண்டு முடித்துவிட வேண்டும். நான்கைத் தாண்டினால் மனம் வராவிட்டாலும் ஒதுக்கிவிட வேண்டும்.

கெடாமல் காக்கும் ஐந்து வழிகள்

நமது மூத்தம்மாமார் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. எனினும் பயணத்துக்கு எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் கையாண்ட வழிகள் ஐந்து.

ஒன்று, ஈரத்தைப் போக்குதல். வறுத்தல், பொரித்தல், சுடுதல், வெயிலில் காயவைத்தல் எல்லாம் இதற்காகவே. ஈரம் இல்லாத இடத்தில் பற்றீரியா பெருகாது. இரண்டு, உப்பும் சீனியும். இவை உணவிலுள்ள நீரைத் தம்பால் ஈர்த்து வைத்துக்கொள்வதால் நுண்ணங்கிகளுக்கு அந்நீர் எட்டாமல் போகிறது. மூன்று, புளிப்பு. பழப்புளி, எலுமிச்சை, வினாகிரி போன்றவை உணவின் பீ.எச். பெறுமானத்தை 4.6இலும் குறைத்துவிட்டால் ஆபத்தான பற்றீரியாக்கள் பெரும்பாலும் வளர மாட்டா. நான்கு, சூட்டைக் காத்தல். கொதிநீர் ஊற்றி முன்கூட்டியே சூடாக்கிய பிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கஞ்சியோ சூப்போ சில மணித்தியாலத்துக்கு 60 பாகைக்குக் குறையாமல் நிற்கும். ஐந்து, குளிரைக் காத்தல். முந்தின இரவே ஒரு தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தால், காலை முழுவதும் அது பனிக்கட்டியாக வேலை செய்யும். நண்பகலில் அதுவே குளிர்ந்த குடிநீராகிவிடும்.

எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. திருவிய பச்சைத் தேங்காயும் தேங்காய்ப்பாலும் நமது சமையலின் உயிர். ஆனால் பயணத்தில் முதலில் பழுதாவதும் அவைதான். தேங்காய்ச் சம்பல், சொதி, பால்விட்ட ஆணம், பாற்சோறு ஆகியவற்றை நெடும்பயணத்துக்குக் கட்டுவது நல்லதல்ல. தேங்காய்ப்பூ சேர்ந்த பிட்டும் நண்பகலில் புளித்துவிடும். அதே தேங்காயை மாவோடு பிசைந்து கல்லில் சுட்டு ரொட்டியாக்கினால், ஈரம் குறைந்து அதிக நேரம் தாங்கும்.

மூன்று பொதிகள்

காலை 4 மணிக்குச் சமைத்து 6 மணியளவில் மட்டக்களப்பில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டாமல் மூன்றாகப் பிரிப்பது சிறந்தது.

முதற்பொதி காலை உணவு. இது ஈர உணவாக இருக்கலாம். ஆனால் 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை என்று வண்டி போய், மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து பொலன்னறுவையை அணுகும் நேரம் அது. இடியப்பமும் வற்றவைத்த மீன் ஆணமும், அல்லது நன்றாக ஆறவைத்துக் கட்டிய சோறும் பொரியலும் பொருந்தும். அவித்த முட்டையை ஓட்டோடு எடுத்துச் சென்று உண்ணும்போது உரிப்பது நல்லது.

இரண்டாம் பொதி நண்பகலுக்குரியது. ஹிங்குராக்கொடை, கல்ஓயா, ஹபரணை, கெக்கிராவ எல்லாம் கடந்து மாஹோவை அண்டும்போது சமைத்து எட்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். எனவே இப்பொதியில் ஈர உணவுக்கு இடமில்லை. பாணும் சீனிச்சம்பலும், சுட்ட ரொட்டியும் வறுத்த மாசிச் சம்பலும், மொறுமொறுக்கப் பொரித்த கருவாடு, வறுத்த கடலை போன்றவை இதற்கு ஏற்றவை. பாணும் சீனிச்சம்பலும் இலங்கைப் பயணிகளின் பொதுச்சொத்து. இனம், மதம் பாராமல் எல்லார் பையிலும் அது இருக்கும்.

மூன்றாம் பொதி தாமதத்துக்குரியது. பேரீச்சம்பழம், பிஸ்கட், வாழைப்பழம், தோடம்பழம். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அவிழ்க்கத் தேவையில்லை. விடுதி அறைக்குக் கொண்டுபோகலாம். கல்ஓயா, ஹபரணைக் காட்டுப் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடப்பதால் வண்டி மெதுவாகவோ நின்றோ போக நேரும் நாட்களில் இப்பொதியின் அருமை தெரியும்.

அக்காட்டு வழிபற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் புகையிரதம் மோதி 6 யானைகள் இறந்தன. எறியப்பட்ட உணவால்தான் அது நேர்ந்தது என்று இங்கே சொல்ல வரவில்லை. ஆயினும் யானை நடமாடும் தண்டவாளத்தின் ஓரத்தில் சோற்றையும் பழத்தோலையும் வீசுவது விலங்குகளை அங்கே அழைப்பதற்குச் சமம். மிச்சத்தைப் பையில் கட்டி, இறங்கிய பின் குப்பைத்தொட்டியில் இடுவதே முறை.

சீனிச்சம்பல் ஏன் தாங்குகிறது?

மேற்சொன்ன வழிகளுள் மூன்று ஒரே கலவையில் கூடுவதை இதில் காணலாம். அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லிதாக அரிந்து, தாராளமாக எண்ணெய் விட்டு, கறுவா, ஏலம், கராம்பு, றம்பை, கறிவேப்பிலையோடு சிறு நெருப்பில் வதக்க வேண்டும். வெங்காயத்தின் நீர் முழுவதும் வற்றிப் பொன்னிறமாக அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நின்றுவிடும். பிறகு 50 கிராம் அளவு இடித்த மாசி, இடித்த கொச்சிக்காய்த்தூள், உப்பு, எலுமிச்சங்காய் அளவு புளியின் கெட்டிச் சாறு சேர்த்து மறுபடியும் வற்றவிட வேண்டும். இறக்கும் தறுவாயில் இரண்டு மேசைக்கரண்டி சீனி. நீர் வற்றியது, உப்பும் சீனியும் சேர்ந்தது, புளி சேர்ந்தது என மூன்று காவல்கள். நன்றாக ஆறிய பின்பே உலர்ந்த போத்தலில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மூடியிலிருந்து சொட்டும். வற்றவைத்த பாடெல்லாம் வீணாகும்.

அதிலுள்ள மாசியும் ஒரு பழைய பயணியே. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் மரம்போலக் காயவைப்பது மாலைதீவின் தொழில். 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் தங்கியிருந்து நம் நாட்டுக்கும் வந்த இப்னு பதூதா, அங்கே மீனை நான்கு துண்டாக்கி இலேசாக அவித்து ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையூட்டுவதையும், அது இந்தியா, சீனம், யெமன் வரை போவதையும் எழுதிவைத்தார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கடல் கடந்த அந்த மீன், இன்று நமது புகையிரதப் பொதியிலும் கெடாமல் வருகிறது.

எதில் கட்டுவது?

வாழையிலையை நெருப்பில் வாட்டும்போது அதன் மேலுள்ள மெழுகுப் படலம் இளகி, நார் மென்மையாகி, கிழியாமல் மடியும் தன்மை வருகிறது. வாட்டிய இலையின் வாசம் சோற்றுக்குத் தனிச் சுவை தரும். இடையில் வந்த பொலித்தீன் ‘லஞ்ச் சீட்’ இலையை ஓரங்கட்டியது. 2017 செப்டெம்பர் 1 முதல் நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. மூடி இறுகிய எவர்சில்வர்ப் பெட்டி நல்ல மாற்று. கழுவிக் கழுவிப் பல வருடம் பாவிக்கலாம். அச்சடித்த பத்திரிகைத் தாளில் எண்ணெய்ப் பண்டத்தை நேரே சுற்றுவதைத் தவிர்க்க வேண்டும். மை எண்ணெயில் கரைந்து உணவில் சேரும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை

இது பெண்பிள்ளைகள் வெளியில் பேசத் தயங்கும் விடயம். புகையிரதக் கழிப்பறைக்குப் போக நேருமே என்று அஞ்சி, புறப்படும் முன்பிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. உலர் வலய வெயிலில் எட்டு மணித்தியாலம் நீரின்றி இருந்தால் தலைவலி, சோர்வு, மயக்கம் வரலாம். நீர் குறைவாகக் குடிப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும். மறுநாள் பரீட்சை மண்டபத்தில் உட்காரப் போகிறவளுக்கு இது சிறு விடயமல்ல. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் குடிநீர், சுத்தத்துக்கென்று வேறாக ஒரு போத்தல் நீர், ஒரு துண்டுச் சவர்க்காரம், கொஞ்சம் கடதாசிக் கைக்குட்டை. சாப்பாட்டுப் பொதியோடு இவற்றையும் எடுத்து வைத்தால் அச்சம் பாதி குறையும். கொஞ்சங் கொஞ்சமாக, ஆனால் நிறுத்தாமல் குடியுங்கள்.

நோன்பு காலத்துப் பயணம்

பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை உண்டு. எனினும் நோற்றபடியே பயணம் செய்பவரும் பலர். பின்னேர வண்டியில் போகிறவர் மஃரிப் வேளையில் எந்த நிலையத்தில் இருப்பார் என்று சொல்ல இயலாது. ஆகவே பேரீச்சம்பழமும் தண்ணீரும் தலைக்கு மேல் தட்டில் உள்ள பெரிய பையில் இருக்கக்கூடாது. கைக்கெட்டும் சிறு பையில் இருக்க வேண்டும். பிளாஸ்கில் நோன்புக் கஞ்சி கொண்டு போகிறவர், தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். இரவு அஞ்சல் வண்டியில் போகிறவர் சஹருக்கு முந்தின மாலை சமைத்த சோற்றை நம்பாமல், பாண், சீனிச்சம்பல், வாழைப்பழம், பேரீச்சம்பழம் என்று உலர்பொதியையே கட்டிக்கொள்வது பாதுகாப்பானது.

பக்கத்து இருக்கை

நமது மரபில் ஒரு சஹனைச் சுற்றி ஆறுபேர் உட்கார்ந்து உண்பது வழக்கம். தனியே உண்பது நமக்குக் கூச்சமான காரியம். புகையிரதத்தில் எதிரே ஒரு சிங்களக் குடும்பமோ ஒரு தமிழ் ஆசிரியையோ உட்கார்ந்திருக்க, நாம் மட்டும் பொதியை அவிழ்த்து உண்பது எப்படி?

இங்கே இரண்டு அறிவுரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்து உண் என்கிறது மரபு. அறியாதவர் தருவதை வாங்கி உண்ணாதே என்கிறது வீடு. மயக்கமருந்து கலந்த தின்பண்டம் கொடுத்துத் திருடும் சம்பவங்கள் கேள்விப்பட்டவையே. ஆகவே வீட்டின் எச்சரிக்கையும் நியாயமானது. நாம் கொடுப்பதை அவர்கள் ஐயப்படவும், அவர்கள் கொடுப்பதை நாம் ஐயப்படவும் இடமுண்டு. இதற்கு மேல் ஹலால் எது, மரக்கறி எது என்ற கேள்விகளும் இருக்கின்றன.

இவ்வளவுக்கும் எளிய விடை தோலோடு இருக்கும் பழம். வாழைப்பழமும் தோடம்பழமும் இயற்கையே முத்திரையிட்ட பொதிகள். உரிக்கும்வரை யார் கையும் உள்ளே படவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஹலாலா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. மச்சமா என்று அவர்கள் கேட்க வேண்டியதில்லை. எனவே மூன்றாம் பொதியில் நமக்குத் தேவையானதிலும் நான்கைந்து பழம் கூடுதலாக வையுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அவர்கள் தருவதை நாம் ஏற்க முடியாதபோது, ‘இப்போதுதான் சாப்பிட்டோம், மிக்க நன்றி’ என்று முகம் மலர்ந்து சொன்னால் போதும்.

மணமும் பிறர் உரிமையோடு சேர்ந்தது. குளிரூட்டிய, சாளரம் மூடிய பெட்டியில் கருவாட்டுப் பொரியலை அவிழ்ப்பது நல்லதல்ல. அத்தகைய பெட்டியில் பயணிப்பவர் மாசியோடு நிறுத்திக்கொள்ளலாம். நம்மிடம் பொதி இருக்கிறது என்பதற்காக வடைக்காரரை அலட்சியமாக அனுப்பிவிடவும் வேண்டாம். வெயிலில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கும் அவரும் ஒரு வீட்டுக்குச் சோறு கட்டுகிறவர்தான். ஒரு சுருள் கடலை வாங்குவதால் நமது சிக்கனம் கெட்டுவிடாது.

யார் கட்டுவது?

விடியற்காலை 6 மணி வண்டிக்குப் பொதி ஆயத்தமாக வேண்டுமானால் வீட்டில் ஒருவர் 3 மணிக்கு எழும்ப வேண்டும். அது பெரும்பாலும் உம்மாதான். மகள் தூங்கட்டும், நெடும்பயணம் போகப் போகிறாள் என்று விளக்கைக்கூடத் தணித்துக்கொண்டு அவர் சமைக்கிறார். அந்த அன்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பயணம் போகிறவர் தமது பொதியைத் தாமே கட்டப் பழக வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உலர்பொதியை முந்தின நாளே நாம் செய்து வைத்தால், உம்மாவுக்கு விடியலில் மிஞ்சுவது முதற்பொதி மட்டுமே. நாநாமாருக்கும் தம்பிமாருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பசி ஆண் பெண் பார்ப்பதில்லை. வெங்காயம் அரிவதும் அப்படியே.

விடுதிக்குப் போன பிறகு திரும்பி வரும் பயணத்துக்கு உம்மா அங்கே இருக்கமாட்டார். அந்தப் பொதியை நாம்தான் கட்ட வேண்டும்.

செய்து பார்க்க

அடுத்த விடுமுறையில் ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். மூன்று சிறிய உலர்ந்த போத்தல்களில், ஒன்றில் திருவிய பச்சைத் தேங்காய், இரண்டாவதில் ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ, மூன்றாவதில் சீனிச்சம்பல் என ஒவ்வொரு மேசைக்கரண்டி இட்டு மூடுங்கள். அடுப்பங்கரையில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். 4, 8, 12 மணித்தியாலங்களில் திறந்து நிறத்தையும் மணத்தையும் கொப்பியில் குறியுங்கள். ஒன்றையும் சுவைத்துப் பார்க்க வேண்டாம். பற்றீரியாவின் நஞ்சை மூக்கும் நாக்கும் எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை என்பதால், மணம் மாறாததெல்லாம் உண்ணத்தக்கது என்றும் முடிவு செய்யக்கூடாது. எந்தப் போத்தல் முதலில் மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதை மேலே சொன்ன ஐந்து வழிகளோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் மூத்தம்மாவிடம் போய், அவர் காலத்தில் நெடும்பயணத்துக்கு என்ன கட்டினார்கள், எதைக் கட்டவேண்டாம் என்று சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில் எழுதி வையுங்கள்.